தைத்தவர் யார்?

வேஷம் என்ற சொல்லுக்கு நம் நாட்டில் அவ்வளவு நல்ல பெயர் கிடையாது. ஒருவனை 'வேஷக்காரன்' என்றால், அவனை நம்ப வேண்டாம் என்று பொருள். 'பகல் வேஷம்' என்று சொல்லிவிட்டாலோ அப்புறம் சொல்லுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் உலகில் வேறொரு வகை வேஷமும் உண்டு. அது பிறரை ஏமாற்றுவதற்காகப் போடுவதன்று; பிரியமான கதை ஒன்றின்மீது கொண்ட அன்பினால் போட்டுக்கொள்வது.

கதை படிப்பவர்கள் இரண்டு வகையினர். படித்து முடித்ததும் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு வகை. கதை முடிந்துவிட்டதே என்று ஏங்கி, அந்த மாய உலகத்துக்குள் தாமும் எப்படியாவது நுழைந்துவிட மாட்டோமா என்று தவிப்பவர்கள் மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகையினருள் சிலர் வெறுமே ஏங்கிக்கொண்டிராமல், அளவு நாடாவையும் கத்தரிக்கோலையும் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். கதையில் வரும் மந்திரவாதியின் அங்கியையும், வனத்து ராணியின் மேலாடையையும், வீரனின் கவசத்தையும் வீட்டிலேயே தைத்தும் ஒட்டியும் செய்துவிடுகிறார்கள். இக்காலத்து இளைஞர்கள் இதைக் 'காஸ்ப்ளே' என்று சொல்லுகிறார்கள்.

"வேலையற்ற வேலை" என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பது நமக்குத் தெரியாததன்று. ஆனால் இந்த வேலையின் சரித்திரத்தைச் சற்று ஆராய்ந்து பார்த்தால், முகம் சுளிக்க வேண்டிய இடம் வேறு ஒன்று இருப்பது புலனாகும். அதைச் சொல்லவே இந்த வாரம் முற்படுகிறோம்.

நியூயார்க்கில் நடந்தது

1939-ம் ஆண்டு ஜூலை மாதத் தொடக்கத்தில், நியூயார்க் நகரில் விஞ்ஞானக் கதைப் பிரியர்களின் முதலாவது உலக மகாநாடு கூடிற்று. அதே சமயம் அந்நகரில் உலகப் பொருட்காட்சியும் நடந்துகொண்டிருந்தது. மகாநாட்டுக்கு வந்தவர்கள் சுமார் இருநூறு பேர்தான். எல்லோரும் வழக்கமான கோட்டும் கழுத்துப் பட்டியுமாக வந்திருந்தார்கள். அவர்களிடையே இருவர் மட்டும், இன்னும் நூறு வருஷம் கழித்து மனிதர்கள் உடுத்தப்போகும் உடை இதுதான் என்று சொல்லுகிறாற்போல, விசித்திரமான ஆடைகளுடன் வந்து நின்றார்கள்.

ஒருவர் பாரஸ்ட் அக்கர்மன் என்ற இருபத்திரண்டு வயது வாலிபர். மற்றவர் மிர்ட்டில் டக்ளஸ் என்ற பெண்மணி. எஸ்பெராந்தோ என்ற பொது மொழியில் ஈடுபாடு கொண்டவர். கதைப் பிரியர்கள் அவரை 'மொரோஜோ' என்ற புனைபெயரால் அறிந்திருந்தார்கள். இருவரும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தினர். சேர்ந்து ஒரு சிறு பத்திரிகையும் நடத்தியவர்கள். 1936-ல் வெளிவந்த 'திங்ஸ் டு கம்' என்ற சினிமாப் படத்திலிருந்தும், பிராங்க் பால் என்ற சித்திரக்காரர் கதைப் பத்திரிகைகளுக்கு எழுதிய படங்களிலிருந்தும் இந்த உடைகளுக்கு யோசனை பிறந்தது. அந்தப் பிராங்க் பாலே மகாநாட்டின் சிறப்பு விருந்தினராக வந்திருந்தார் என்பது ரஸமான விஷயம்.

அடுத்த வருஷம், 1940-ல், சிகாகோவில் கூடிய இரண்டாவது மகாநாட்டில் மாறுவேஷ விருந்து ஒரு நிகழ்ச்சியாகவே வைக்கப்பட்டது. பிறகு அந்த வழக்கம் வேரூன்றிப் போயிற்று. ஜப்பானியர்கள் 1980-களின் முற்பகுதியில் இதைக் கண்டு தங்கள் நாட்டுப் பத்திரிகைகளில் எழுதலானார்கள். 'மாஸ்கரேட்' என்ற ஆங்கிலச் சொல்லை அவர்கள் மொழியில் பெயர்த்தால், பழங்காலப் பிரபுக்களின் களியாட்டம் என்ற பொருள் தொனித்ததாம். அது பொருந்தாது என்று கருதிய நொபுயுக்கி தகஹாஷி என்பவர், உடை, விளையாட்டு என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களைக் கத்தரித்து ஒட்டிக் 'காஸ்ப்ளே' என்ற பெயரை உண்டாக்கினார். சொல்லே கத்தரித்து ஒட்டியதாக அமைந்தது பொருத்தந்தான்! 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையிலும் இத்தகைய சித்திரக் கதை விழா நடந்தபோது, நம் ஊர் இளைஞர்களும் யுவதிகளும் விதவிதமான வேஷங்களில் திரண்டு வந்தார்கள்.

இந்தச் சரித்திரத்தில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அக்கர்மன் பிற்காலத்தில் பெரிய பிரமுகரானார். பத்திரிகாசிரியர் என்றும், அபூர்வப் பொருள்களைச் சேகரித்தவர் என்றும் புகழடைந்து 2008-ல் காலமானார். 'இந்தக் கலையின் தந்தை' என்று நெடுங்காலம் அவரையே சொல்லிவந்தார்கள். ஆனால் 1939-ல் அவர் அணிந்திருந்த உடையை அவர் தைக்கவில்லை. அவருடைய உடை, தம்முடைய உடை இரண்டையுமே யோசித்து, வெட்டி, தைத்தவர் மிர்ட்டில் டக்ளஸ். அவர் 1964-ல் மறைந்தார். மறு வருஷம் அக்கர்மனே அவர் நினைவாக ஒரு சிறு வெளியீடு கொண்டுவந்தார். ஆகவே அவரை நன்றி மறந்தவர் என்று சொல்வதற்கில்லை. குற்றம் உலகத்தினுடையது. உடுத்தியவரை உலகம் கண்ணால் பார்த்தது; தைத்தவரை விசாரிக்கவில்லை. 'தாய்' என்று அவரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் வெகு காலத்துக்குப் பின்பே வந்தது.

மிச்சம் வைக்காத அம்மாள்

இதே பாடத்தைச் சிரிப்போடு கற்பிக்கும் வேறொரு சம்பவம் இங்கிலாந்தில் நடந்தது. பி.பி.ஸி. நிறுவனத்தார் 'டாக்டர் ஹூ' என்ற விசித்திரக் கதைத் தொடரைத் தொலைக்காட்சியில் நடத்திவந்தார்கள். 1974-ல் அதன் கதாநாயகனாக டாம் பேக்கர் என்ற நடிகர் புதிதாக வந்தார். அவருக்கு உடை வகுத்த ஜேம்ஸ் ஆச்செஸன், கழுத்தில் சுற்றிக்கொள்ளும் கம்பளிப் பட்டை ஒன்று வேண்டுமென்று கருதி, பல வர்ணக் கம்பளி நூல்களை வாங்கிப் பிகோனியா போப் என்ற அம்மாளிடம் பின்னுவதற்குக் கொடுத்தார். பலவற்றிலிருந்து பொறுக்கிக்கொள்ளட்டும் என்றுதான் அவ்வளவு நூல் கொடுத்தாராம். அந்த அம்மாளோ, கொடுத்த நூல் முழுவதையும் பின்னித் தீர்த்துவிட்டார்! பட்டை பல கஜ நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. நடிகர் அதை அப்படியே கழுத்தில் சுற்றிக்கொண்டு, நுனி தரையில் புரள நடந்து காட்டினார். அந்தக் கதாநாயகனுக்கு அதுவே அடையாளமாகிவிட்டது.

அதன்பின் பிள்ளைகள் வீட்டில் சும்மா இருப்பார்களா? தாய்மார்களும் பாட்டிமார்களும் கம்பளி ஊசியை எடுக்க வேண்டியதாயிற்று. எந்த வர்ணத்தில் எத்தனை வரிசை என்று கேட்டு எழுதியவர்களுக்குப் பி.பி.ஸி.யார் பின்னல் கணக்கை அனுப்பிக் கொடுத்தார்கள். அரைநூற்றாண்டுக்குப் பிறகும் அந்தப் பட்டையைப் பின்னுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆச்செஸன் பிற்காலத்தில் சினிமா உடைகளுக்காக ஆஸ்கார் பரிசுகள் பெற்று உலகப் பிரசித்தி அடைந்தார். போப் அம்மாளின் பெயரோ இந்த ஒரு கதையினால் மட்டுமே நிலைத்திருக்கிறது. அதுவாவது நிலைத்ததே என்று நாம் திருப்தி அடைய வேண்டியதுதான்.

ராணி நெய்த துணி

மாயக் கதைகளைப் பற்றிப் பேசும்போது டோல்கீன் எழுதிய 'தி லார்டு ஆப் தி ரிங்ஸ்' என்ற பெருங்கதையை விட்டுவிட முடியாது. 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. வீட்டிலே உடை தைக்கும் கதைப் பிரியர்களுக்கு அது அள்ள அள்ளக் குறையாத களஞ்சியம். அதில் நம் மனத்தைக் கவர்ந்த கட்டம் ஒன்று உண்டு. அபாயகரமான பிரயாணம் புறப்பட்ட எட்டுப் பேருக்கு, கலாட்ரியல் என்ற வனத்து ராணி விடை கொடுக்கும்போது ஆளுக்கொரு மேலங்கி பரிசளிக்கிறாள். பனியும் நிழலும் போன்ற சாம்பல் நிறம். இலேசானது, ஆயினும் குளிருக்கு அடக்கமானது. கழுத்தில் பொருத்திக்கொள்ள, வெள்ளி நரம்போடிய பச்சை இலை வடிவில் ஒரு பதக்கம். அந்தத் துணியை நெய்தவர்கள் யார்? ராணியும் அவளுடைய தோழிப் பெண்களுமேதான். அந்த உலகத்தில் பேரரசி தறியில் உட்காருவதைக் குறைவாக நினைக்கவில்லை. இராட்டையைத் தேசத்தின் சின்னமாகக் கொண்டாடிய நமக்கு இந்தக் கட்டம் தனிச் சுவை தருவதில் வியப்பில்லை அன்றோ?

இந்தக் கதையைப் பீட்டர் ஜாக்ஸன் நியூசிலாந்தில் படமாக்கினார். 2001, 2002, 2003 ஆகிய மூன்று வருஷங்களிலும் வருஷத்துக்கு ஒரு பாகமாகப் படம் வெளிவந்தது. அந்த மேலங்கிகளுக்கு வேண்டிய துணியை, அந்நாட்டில் ஸ்டான்ஸ்பரோ என்ற இடத்தில் வளர்க்கப்படும் சாம்பல் நிற ஆடுகளின் ரோமத்திலிருந்து நெய்து கொடுத்தார்கள். சாயம் ஏற்றி வந்த நிறமன்று. ஆட்டின் இயற்கை நிறமே அதற்கு ஆதாரம். போர்வீரர்களின் சங்கிலிக் கவசத்துக்காகப் பிளாஸ்டிக் குழாயை வளையம் வளையமாக நறுக்கி, சுமார் 1 கோடியே 25 லட்சம் வளையங்களைக் கையாலேயே ஒன்றோடொன்று கோத்தார்கள். 2004-ம் ஆண்டு நடந்த விழாவில் நைலா டிக்ஸன், ரிச்சர்ட் டெய்லர் இருவருக்கும் உடை அமைப்புக்கான ஆஸ்கார் கிடைத்தது. பரிசு இருவர் கையில். வளையம் கோத்த விரல்களின் வலி யார் யாருக்கோ!

வட்டத்தின் கணக்கு

அப்படிப்பட்ட மேலங்கி ஒன்றை நம் வீட்டில் தைக்க முடியுமா? தாராளமாக முடியும். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு இதில் விசேஷ உற்சாகம் உண்டு. ஏனெனில் இது தையல் வேலை மட்டுமல்ல, க்ஷேத்திர கணிதமும் ஆகும். துணியை அரை வட்டமாக வெட்டிக் கழுத்துக்கு ஒரு சிறு அரை வட்டத்தை நீக்கிவிட்டால் மேலங்கி ஆயிற்று.

கழுத்தளவு 16 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். இந்த 16 அங்குலமும் சிறிய அரை வட்டத்தின் வளைவாக அமைய வேண்டும். ஆகவே 16-ஐ 22/7-ஆல் வகுத்தால் ஆரம் வரும். சற்றேறக்குறைய 5 அங்குலம். தோளிலிருந்து கணுக்காலுக்கு மேல் வரை நீளம் 50 அங்குலம் வேண்டுமானால், பெரிய அரை வட்டத்தின் ஆரம் 55 அங்குலம். அதன் நேர் விளிம்பு 110 அங்குலம். அதாவது 3 கஜமும் 2 அங்குலமும். எனவே 58 அங்குலப் பன்னாவுள்ள துணியில் 3¼ கஜம் போதும். துணியை நீளவாட்டில் சரிபாதியாக மடித்து, மடிப்பின் ஒரு மூலையில் நூலின் நுனியைப் பிடித்துக்கொண்டு, மறு நுனியில் சாக்குக்கட்டியைக் கட்டி, 5 அங்குலத்தில் ஒரு வளைவும் 55 அங்குலத்தில் ஒரு வளைவும் வரைந்துவிடலாம். காம்பஸ் பெட்டியில் செய்வதையே தரையில் பெரிதாகச் செய்கிறோம்.

இதில் இன்னொரு சிக்கனமும் இருக்கிறது. அரை வட்டத்தை வெட்டியபின் இரண்டு மூலைகளிலும் துணி மிஞ்சும். ஒவ்வொரு மூலையிலும் 16 அங்குலச் சதுரம் ஒன்று கிடைக்கும் என்பதைக் கணக்கிட்டே தெரிந்துகொள்ளலாம். அந்த இரண்டு சதுரங்களையும் பின்புறமும் மேற்புறமும் இணைத்துவிட்டால் முக்காடு தயார்! அதன் கீழ் விளிம்பைக் கழுத்தளவுக்குக் கொசுவி வைத்துத் தைத்துக்கொள்ள வேண்டியதுதான். மிச்சத் துணி என்று எறிவதற்கு அதிகம் இராது.

மூன்று எச்சரிக்கைகள் மட்டும் சொல்லி வைக்கிறோம். பருத்தித் துணியானால் வெட்டுவதற்கு முன் நனைத்து உலர்த்திவிட வேண்டும். இல்லாவிடில் முதல் சலவையிலேயே மேலங்கி சுருங்கி, தம்பிக்குத்தான் பயன்படும். இரண்டாவது, வெட்டியவுடன் கீழ் விளிம்பை மடித்துத் தைக்கக் கூடாது. அரை வட்டத்தில் சில இடங்களில் இழை நேராகவும் சில இடங்களில் மூலைவாட்டாகவும் வருகிறது. மூலைவாட்டான பகுதி தன் பாரத்தாலேயே இறங்கும். ஒரு நாள் முழுதும் தொங்கவிட்டு, இறங்க வேண்டியது இறங்கிய பிறகு, அளந்து சமமாக நறுக்கி மடித்துத் தைக்க வேண்டும். மூன்றாவது, அந்தக் கீழ் விளிம்பின் நீளம் சுமார் 173 அங்குலம். பதினான்கரை அடிக்குச் சற்றே குறைவு. கையால் தைப்பவர்கள் ஒரே மாலையில் முடித்துவிடலாம் என்று மனப்பால் குடிக்க வேண்டாம்.

1937-ல் வர்தாவில் கூடிய கல்வி மகாநாட்டில், கைத்தொழிலின் வழியாகவே படிப்பு நடக்க வேண்டும் என்று காந்தியடிகள் வற்புறுத்தினார். வட்டத்தின் ஆரத்தைக் கரும்பலகையில் நூறு முறை எழுதியும் மறந்துவிடும் பிள்ளை, தன் மேலங்கிக்காக ஒரு முறை கணக்குப் போட்டால் ஆயுளில் மறக்காது. தப்பாகப் போட்டால் துணி வீணாகிவிடுமே என்ற பயம் ஒன்றே போதும். வாத்தியாரின் பிரம்பு தேவையில்லை.

இலேசான இரும்பு

கவசம், கிரீடம், வாள் முதலியவற்றுக்கும் வழிகள் உண்டு. நம்முடைய கூத்துக் கலைஞர்கள் கிரீடத்தையும் புஜகீர்த்தியையும் கல்யாண முருங்கை போன்ற இலேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் வர்ணக் காகிதமும் ஒட்டிக்கொள்வார்கள். இரவு முழுதும் தலையில் தாங்க வேண்டுமே! மேனாட்டு வீட்டுக் கலைஞர்களும் அதே காரணத்தினால் ஈ.வி.ஏ. என்ற மெத்தென்ற பொருளை எடுத்துக்கொண்டார்கள். குழந்தைகள் விளையாடும் தரை விரிப்புக்கும் செருப்பின் அடிப்பாகத்துக்கும் பயன்படுகிற பொருள்தான் அது. கத்தியால் வெட்டி, சூடு காட்டி வளைத்து, செருப்புத் தைப்பவர் உபயோகிக்கும் பசையினால் ஒட்டி, கறுப்பு வர்ணம் பூசி, அதன்மேல் வெள்ளி வர்ணத்தை இலேசாகத் தேய்த்தால், மேட்டில் வெள்ளியும் பள்ளத்தில் கறுப்புமாகப் பழைய இரும்பு போலவே காட்சி தரும். சங்கிலிக் கவசத்துக்குக் கோடி வளையம் கோக்க வேண்டியதில்லை. தடித்த நூற்கயிற்றைப் பருத்த ஊசியால் பின்னி வெள்ளி வர்ணம் அடித்துவிடுவது நாடக மேடையில் பழகிப்போன யுக்தி.

புதிதாகத் தைத்த உடையைப் பழையதாக்குவதும் ஒரு கலை. காடு மலை கடந்து வந்த வீரனின் அங்கி, கடையிலிருந்து அப்போதுதான் பிரித்தாற்போல் மினுக்கினால் யார் நம்புவார்கள்? ஆகையால் தேயிலைத் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். முழங்கையிலும் ஓரத்திலும் உப்புத்தாள் கொண்டு தேய்ப்பார்கள். புதுத் துணியைப் பேரப்பிள்ளை உப்புத்தாளால் தேய்ப்பதைப் பாட்டியார் பார்க்காமலிருப்பது நலம்.

உற்சாகம் எல்லை மீறுவதும் உண்டு. 1972-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் உலக மகாநாட்டில், சித்திரக்கதை எழுதும் ஒருவர், தாம் படைத்த அருவருப்பான பாத்திரம் ஒன்றின் வேஷம் பூண்டு, உடம்பெங்கும் நிலக்கடலை வெண்ணெயைப் பூசிக்கொண்டு வந்தார். விளக்குச் சூட்டில் வெண்ணெய் உருகி மணம் வீசியதோடு நில்லாமல், ஆசனங்களிலும் அடுத்தவர் ஆடைகளிலும் ஒட்டிக்கொண்டது. அடுத்தவர் ஆடை என்றால் பல மாத உழைப்பு என்பதை மறக்கலாகாது. அதுமுதல் 'கடலை வெண்ணெய் கூடாது' என்பது அப்போட்டிகளில் பிரசித்தமான விதியாகிவிட்டது.

உள்தையலைப் பார்க்கும் நீதிபதிகள்

அந்த மகாநாட்டுப் போட்டிகளில் நமக்கு மிகவும் பிடித்த ஏற்பாடுகள் மூன்று. முதலாவது, புதிதாக வருபவர், ஓரளவு தேர்ந்தவர், நிபுணர் என்று போட்டியாளர்களைத் தரம் பிரித்துவிடுகிறார்கள். முதல் முறை ஊசி பிடித்த சிறுமி, இருபது வருஷம் தைத்துப் பழகியவரோடு மோத வேண்டியதில்லை. இரண்டாவது, மேடையில் பார்த்து மதிப்பிடும் நீதிபதிகள் ஒரு புறம் இருக்க, மேடைக்குப் பின்னால் கைவேலையை மட்டும் பார்ப்பதற்கென்று தனி நீதிபதிகள் இருக்கிறார்கள். அவர்கள் உடையைத் திருப்பி உட்புறத் தையலைப் பார்க்கிறார்கள். விளிம்பு பிரியாமல் மடிக்கப்பட்டிருக்கிறதா, பித்தான் துவாரம் ஒழுங்காக இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். சபையோர் கண்ணுக்குப் படாத இடத்தில் காட்டிய சிரத்தைக்கும் அங்கே பரிசு உண்டு.

மூன்றாவது ஏற்பாடுதான் முக்கியமானது. போட்டியில் சேருகிறவர் பெயரைப் பதியும்போது, உடையை யோசித்தவர் யார், செய்தவர் யார், அணிகிறவர் யார் என்று தனித்தனியே கேட்கிறார்கள். மூவரும் ஒருவரேயானால் நல்லது. வெவ்வேறு ஆனால் வெவ்வேறாகவே சொல்லுகிறார்கள். 1939-ல் மிர்ட்டில் டக்ளஸுக்குக் கிடைக்காத ஒன்று, இந்த எளிய கேள்வியினால் இன்று புதிதாகத் தைக்க வருகிறவருக்குக் கிடைக்கிறது.

நம் பள்ளிகளில்

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம் பள்ளிக்கூடங்களில் மாறுவேஷப் போட்டி நடக்காத ஆண்டு விழா உண்டா? பாரதியாரும் கட்டபொம்மனும் ஔவைப் பாட்டியும் வரிசையாக வந்து மழலையில் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறார்கள். பார்க்க ஆனந்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான வேஷங்கள் கடையில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தவை. காலையில் கட்டபொம்மன் மீசை ஒரு பள்ளியில்; மாலையில் அதே மீசை வேறொரு பள்ளியில்.

வாடகைக்கு எடுப்பதை நாம் பாவம் என்று சொல்ல வரவில்லை. தாய் தந்தை இருவரும் உத்தியோகத்துக்குப் போகிற வீட்டில், இரவு பத்து மணிக்குமேல் அங்கி தைக்கச் சொல்லுவது இரக்கமற்ற காரியம். வீட்டில் தைப்பது எப்போதும் மலிவு என்றும் சொல்ல மாட்டோம். துணி விற்கும் விலையில் சில சமயம் கடைச் சரக்கே குறைந்த விலைக்குக் கிடைத்துவிடுகிறது. அவ்வளவு குறைந்த விலைக்கு அதைத் தைத்துக் கொடுத்தவருக்கு என்ன கூலி கிடைத்திருக்கும் என்று ஒரு கணம் யோசிப்பதும் நல்லது.

நாம் சொல்வது வேறு. வீட்டில் தைத்துக்கொண்டு வருகிற வேஷங்களும் இருக்கின்றன. பழைய புடவையை வெட்டி, ஜரிகையைப் பிரித்து வேறிடத்தில் வைத்து, அட்டைக் கிரீடத்துக்குத் தங்கக் காகிதம் ஒட்டி, விளக்கருகில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தைத்தவர் ஒருவர் அந்தக் குழந்தைக்குப் பின்னால் இருக்கிறார். பெரும்பாலும் தாய், சில சமயம் அத்தை, பாட்டி, அல்லது அக்காள். பரிசு அறிவிக்கும்போது குழந்தையின் பெயரும் வகுப்பும் சொல்லப்படுகின்றன. கைதட்டல் ஓய்ந்துவிடுகிறது. தைத்தவர் கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்று தாமும் கை தட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். தாய் பெயர் கேட்டா தைக்கிறாள் என்றும் சொல்லலாம். இந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லித்தான் வீட்டுப் பெண்களின் திறமையெல்லாம் திறமை என்றே கணக்கில் வராமல் போயிற்று. வட்டத்தின் ஆரத்தைக் கண்ணளவிலேயே கண்டுபிடித்து வெட்டுகிறவளை நாம் கணிதம் தெரிந்தவள் என்று சொல்லுவதில்லை. அதே கணக்கைத் தாளில் போட்ட மகனுக்கு நூற்றுக்கு நூறு போடுகிறோம். இதைப் பார்த்து வளரும் பெண், தைப்பது தனக்கு விதிக்கப்பட்ட ஊழியம் என்று நினைத்துக்கொள்கிறாள். பையனோ, தைப்பது தன் கௌரவத்துக்குக் குறைவு என்று நினைத்துக்கொள்கிறான். இரண்டு நினைப்பும் தேசத்துக்குக் கேடு.

ஆகவே பள்ளித் தலைவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் சிறிய விண்ணப்பம் ஒன்று செய்துகொள்கிறோம். செலவு ஒன்றும் இல்லை. அடுத்த மாறுவேஷப் போட்டியில் ஒவ்வொரு குழந்தையும் மேடைக்கு வரும்போது, 'அணிந்தவர் இன்னார், தைத்தவர் இன்னார்' என்று இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். தாய் தைத்திருந்தால் தாயின் பெயர். தகப்பனார் அட்டை வெட்டிக் கொடுத்திருந்தால் அவர் பெயரும். தெருமுனைத் தையற்காரர் தைத்திருந்தால் அவர் பெயரைச் சொல்லுவதில் என்ன குறைவு? அவரையும் விழாவுக்கு அழையுங்கள். வாடகை உடையானால், வாடகை உடை என்றே சொல்லிவிடலாம். அதில் அவமானம் ஒன்றுமில்லை. கைவேலைக்கென்று தனியாக ஒரு பரிசு வையுங்கள். அதைக் குழந்தையின் கையில் கொடுக்காமல் தைத்தவர் கையிலேயே கொடுங்கள்.

எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், ஆணாயினும் பெண்ணாயினும், தங்கள் வேஷத்தில் ஒரு தையலாவது தாங்களே போட்டிருக்க வேண்டும் என்று விதி செய்தாலும் தவறில்லை. கோணல் மாணலாக இருக்கட்டும். கோணலாகத் தைத்த பையன், நேராகத் தைப்பவளை அதன்பின் இளப்பமாகப் பேச மாட்டான்.

கதைகளில் வரும் மாய அங்கிகளுக்கு விசித்திர சக்திகள் உண்டு. ஒன்று உடுத்தியவரை மறைக்கும். மற்றொன்று எதிரியின் கண்ணை மயக்கும். வீட்டிலே தைக்கும் அங்கிக்கு அத்தகைய சக்தி ஏதும் கிடையாது. ஆனால் இத்தனை காலமும் அது ஒரே ஒருவரை மறைத்து வந்திருக்கிறது, அதைத் தைத்தவரை. அந்த மாயத்தை நாம் மனம் வைத்தால் இந்த வருஷ விழாவிலேயே கலைத்துவிடலாம்.